பெரியம்மாவுக்கு விடைகொடுக்க வந்தேன்

கையில் பேனாவும் கண்ணில் கண்டிப்பும் கொண்டு இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தலைமை மருத்துவர் அம்மா அவர்களே! நான் வாய் திறப்பதற்கு முன்பே கைக்கடிகாரத்தைத் திறந்த கண்ணால் பார்க்கத் தொடங்கிவிட்ட நிர்வாக அலுவலர் அவர்களே! குத்துவது தெரியாமல் குத்தி, குத்தியபின் ‘முடிஞ்சுதுப்பா’ என்று கொஞ்சும் செவிலியச் சகோதரிகளே! முன்வரிசையை முழுமையாக முற்றுகையிட்டிருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களின் நடுநாயகமாக, ‘இவ என்னத்தப் பேசிடப் போறா’ என்ற பாவனையில் வீற்றிருக்கும் என் மாமியார் அவர்களே! மூன்றாம் வரிசையில், அழைப்பிதழால் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களே! இவர்கள் எல்லோருக்கும் மேலாக, இதோ இந்த மேசையின்மேல், பூப்போட்ட துணிமூடிக்குள் பொறுமையாகக் காத்திருக்கும் எங்கள் பெரியம்மா அவர்களே! அனைவருக்கும் அடியேனின் அன்பான வணக்கம்.

ஒரு நிமிடம்… மன்னிக்க வேண்டும். தும்மல். காலையிலிருந்து இப்படித்தான் படுத்துகிறது.

அன்பு நெஞ்சங்களே! நிகழ்ச்சி நிரலை எல்லோரும் கையில் வைத்திருக்கிறீர்கள். சிலர் விசிறிக்கொண்டும் இருக்கிறீர்கள். அதில் ஆறாவதைப் பாருங்கள். ‘பழைய மைக்ராஸ்கோப்புக்கு விடைகொடுத்தல். ஆய்வக மூத்த டெக்னீஷியன் ஐந்து நிமிடம் பேசுவார்.’ பேசி முடித்ததும் தலைவர் அம்மா ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார். நம் ஸ்டோர்ஸ் பாஷையில் அதற்குப் பெயர் கண்டம், அதாவது ‘இனி உதவாது’ என்று தள்ளிவைப்பது. கையெழுத்து விழுந்த மறுகணமே பெரியம்மா கிடங்குக்குப் போய்விடுவார், கால் உடைந்த கட்டிலுக்கும் சக்கரம் கழன்ற தள்ளுவண்டிக்கும் துணையாக. அடுத்து ஏழாவதைப் பாருங்கள். ‘ஓராண்டு பிழையற்ற பணிக்கான சான்றிதழ்.’ பெறுபவர் யார்? அதே ஆய்வக மூத்த டெக்னீஷியன். அதாவது அடியேன். கைதட்டாதீர்கள், கைதட்டாதீர்கள்! இந்த ஆறையும் இந்த ஏழையும் கொஞ்சம் மனத்தில் வைத்திருங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

பெரியம்மா என்று ஏன் பெயர் வந்தது என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். முப்பத்தொரு ஆண்டுகளாக ஆய்வகத்தின் சன்னலோர மேசையை விட்டு நகராதவர் அவர். தூக்கிப் பார்த்தால் தெரியும் அவர் கனம். டாக்டர் வந்தாலும் டைரக்டர் வந்தாலும், தலைகுனிந்து கும்பிட்டால்தான் உள்ளே இருப்பதைக் காட்டுவார். நிமிர்ந்து நிற்பவருக்கு ஒன்றுமே தெரியாது. இப்படிப்பட்டவருக்கு வேறென்ன பெயர் வைப்பது? என் மாமியார் சிரிக்கிறார். உங்களைச் சொல்லவில்லை அத்தை!

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் பெரியம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவரைச் செய்த கம்பெனியைத்தான் சொல்கிறேன். மொத்தம் மூன்றே வரி. இந்த மாடலுக்கான ஆதரவு முடிந்தது. உதிரிபாகம் கிடையாது. புதிய மாடலைப் பரிசீலிக்கவும், படம் இணைக்கப்பட்டுள்ளது. துக்கம் விசாரிக்க வந்தவர் சட்டைப்பையிலிருந்து அடுத்த வரனின் ஃபோட்டோவை எடுத்து நீட்டினால் எப்படியிருக்கும்? அப்படி இருந்தது எங்களுக்கு! கேட்டார்களா ‘எப்படி இருக்கிறாள்’ என்று? கேட்டார்களா ‘கண் தெரிகிறதா’ என்று? போகட்டும். பிறந்த வீடு கைவிட்டால் பெண் என்ன, நடுத்தெருவிலா நிற்பாள்? புகுந்த வீடு என்று ஒன்று இருக்கிறதே!

முதலில் போனது பல்பு. அந்த அளவில் அந்த வடிவில் உலகத்தில் யாரும் செய்வதில்லை என்றார்கள். நம் எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். அதோ, வாசல் பக்கம் நிற்கிறார், உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். ஒரு டார்ச் லைட்டைப் பிரித்து, அதன் எல்இடி விளக்கைப் பெரியம்மாவின் காலடியில் பொருத்தினார். வெளிச்சம் பிரமாதம்! ஆனால் நீல வெளிச்சம். அன்று காலை பார்த்த பன்னிரண்டு பேர் ரத்தமும், பன்னிரண்டு பேரும் பேயைப் பார்த்துவிட்டு வந்ததுபோல் வெளிறிக் கிடந்தது. “அண்ணே, எல்லாருக்கும் சீக்கு மாதிரி தெரியுதுண்ணே” என்றேன். அவர் யோசித்தார். சட்டைப்பையில் இருந்த மிட்டாயை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். அந்த மஞ்சள் கண்ணாடித்தாளை விளக்கின்மேல் ஒட்டினார். “இப்பப் பாரும்மா” என்றார். பார்த்தேன். பன்னிரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

அடுத்தது திருகு. ஸ்லைடு வைக்கும் தட்டை ஏற்றி இறக்கும் திருகு அது. உள்ளே போட்ட கிரீஸ் வருடக்கணக்கில் காய்ந்து காய்ந்து கோந்தாகிவிட்டது. திருப்பினால் கை வலிக்கிறது. அழுத்தித் திருப்பினால் பல்சக்கரம் உடையும். அப்போதுதான் வந்தார் தையல் அக்கா. படுக்கை விரிப்பும் நோயாளி உடுப்பும் தைக்கும் நம் துணிப்பிரிவு தையல் அக்காவைத் தெரியாதவர் உண்டா? இருபது வருடமாக ஒரே தையல் மெஷினை, ஒரு மெக்கானிக்கையும் கிட்டே சேர்க்காமல் ஓட்டுகிறவர். திருகைத் தொட்டுப் பார்த்தார். “இது உடையலம்மா, ஒறஞ்சு போயிருக்கு. பழசத் தொடச்சுட்டு எண்ணெய் விட்டா வழிக்கு வந்துடும்” என்றார். துடைத்தார். தன் மெஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டார். திருகு பூப்போலச் சுழன்றது! எல்லோரும் கைதட்டினோம்.

கைதட்டியது கொஞ்சம் அவசரம். மெஷின் எண்ணெய் தண்ணீராய் இருக்கும் அல்லவா? தட்டைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. பார்க்கும் செல் மெல்ல மெல்ல மங்குகிறது. இது எங்களுக்கே தெரியாது. எங்கள் ரத்தப்பிரிவு டாக்டர் ஐயா இரண்டு நாள் பார்த்தார், கண்ணைக் கசக்கினார், யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கண் டாக்டரிடம் போய்ப் புதுக்கண்ணாடியோடு வந்தார்! ஐயா, கோபிக்கக் கூடாது. அந்தக் கண்ணாடி உங்களுக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. விஷயம் வெளிவந்ததும் தையல் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “எம் மெஷினு ஓடணும், ஒங்க மெஷினு நிக்கணும். ரெண்டுக்கும் ஒரே எண்ணெய ஊத்துனேன் பாருங்க, எம் புத்தியச் சொல்லணும்!” என்றார். மறுபடி துடைத்து, கெட்டியான கிரீஸைக் கடுகளவு வைத்தார். ஏழு வருடமாகிறது. வைத்த இடத்தில் நிற்கிறது தட்டு.

இதற்கிடையே ஆய்வகத்துக்குப் புது மாப்பிள்ளை வந்தார், புது டிஜிட்டல் மைக்ராஸ்கோப்பைத்தான் சொல்கிறேன். இரண்டு வருடம் ஆகிறது. திரை உண்டு, கேமரா உண்டு, தானே கணக்கெடுக்கும் அறிவும் உண்டு. குறை சொல்ல மாட்டேன், நல்ல மாப்பிள்ளை. ஆனாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதானே? ஏசி இல்லையென்றால் உட்கார மாட்டார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரையில் ஒரே வரி: உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. ஒன்பது நாள்! ஒன்பது நாள் அவரைச் சமாதானப்படுத்தக் கம்பெனிக்குப் போன் மேல் போன். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்று பாட்டுப் போட்டார்கள். அந்தப் பாட்டு எங்கள் எல்லோருக்கும் இப்போது மனப்பாடம். பின்வரிசையில் யாரோ முனகுகிறார்களே, அதேதான்!

சரி, மாப்பிள்ளை முறைத்தால் என்ன, பெரியம்மா இருக்கிறாரே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். ஏனென்றால், மாப்பிள்ளை முறைப்பதற்கு முந்தைய நாள்தான் பெரியம்மாவுக்குக் கண் மங்கியது.

ஆய்வகத்துக்கு வந்தவர்கள் சுவரில் ஒரு பலகையைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு எழுத்து, என் கையெழுத்து. ‘எண்ணெய் விட்டபின் நாற்பதுக்குத் திரும்பாதே!’ புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரியம்மாவுக்கு நான்கு லென்ஸ்கள். நான்கு மடங்கு, பத்து மடங்கு, நாற்பது மடங்கு, நூறு மடங்கு பெரிதாக்குபவை. நூறில் பார்க்க ஸ்லைடில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். அந்த எண்ணெயோடு நாற்பதுக்குத் திருப்பினால் போச்சு! நாற்பது ஸ்லைடை உரசிக்கொண்டு நிற்கிற லென்ஸ். எண்ணெய் அதன் முகத்தில் அப்பிக்கொள்ளும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் செய்யும், எவரும் ஒப்புக்கொள்ளாத தவறு இது. அதற்காகத்தான் பலகை. எழுதியவள் நான். எழுதாத நேரத்தில் வாயால் சொல்லிச் சொல்லி எல்லோர் காதையும் புண்ணாக்கியவளும் நான்.

அப்படிப்பட்ட நான் மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை நாற்பதில் பார்க்கிறேன், ஒரே புகை. சும்மா துணியால் ஒரு துடை துடைத்தேன். இன்னும் புகை. கழற்றிப் பார்த்தேனா? இல்லை. வயதாகிவிட்டது, லென்ஸில் காளான் பிடித்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். பழுதுக்குறிப்பில் எழுதினேன்: ‘நாற்பது லென்ஸ் பூஞ்சைக்காளானால் பாழ். சரிசெய்ய இயலாது.’ கீழே கையெழுத்து. பெரியம்மா நெற்றியில் சிவப்புச் சீட்டு ஒட்டினேன்: ‘பயன்படுத்தாதே.’ அந்த ஒரு சீட்டில் நான்கு லென்ஸும் மூடிப்போயின. அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் கம்பெனிக்கு எழுதினார்கள், ‘உதிரிபாகம் கிடையாது’ என்று வந்த அதே பழைய பதிலை வைத்துத்தான் கண்டத் தாள் தயாரானது.

மறுநாள் மாப்பிள்ளையும் முறைத்துக்கொண்டார். ஒன்பது நாள் நம் நோயாளிகளின் ரத்தம் வண்டியேறிப் பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போனது. ஒரு பஸ் கண்டக்டர் வந்தார், குளிர்சுரம், கட்டிலே ஆடுகிறது. மலேரியாவா என்று பார்க்க வேண்டும். என்னிடம் கண் இருந்தால் அரை மணியில் சொல்லியிருப்பேன். முடிவு வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அவர் மனைவி என் சன்னலில் வந்து நின்றார். “வந்துடுச்சாம்மா?” என்பார். “இன்னும் இல்லம்மா” என்பேன். ஒரு தடவை கேட்டார்: “அந்த மேசை மேல இருக்கே, அதுல பாக்க முடியாதாம்மா?” நான் சொன்னேன்: “அது கெட்டுப் போச்சும்மா.” கண்டக்டர் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நிர்வாக அலுவலர் அவர்களே, ஐந்து நிமிடம் எப்போதோ ஆகிவிட்டது, எனக்கும் தெரிகிறது! அன்று தையல் அக்கா அளவு நாடாவோடு ஆய்வகத்துக்கு வந்தார். விடைகொடுக்கும்போது பெரியம்மாவை வெறுமனே அனுப்பக் கூடாதாம், துணிமூடி தைக்கிறாராம். அளவெடுத்தவர் கை சும்மா இருக்குமா? குனிந்து ஒவ்வொரு லென்ஸாகப் பார்த்தார்.

“ஏம்மா, நாலுல ஒண்ணுதானே மங்கலா இருக்கு?”

“ஆமாக்கா, காளான்.”

“மத்த மூணும் பளிச்னு இருக்கு. இது ஒண்ண மட்டும் புடிச்ச காளானா? கழட்டிப் பாத்தீங்களா?”

நாற்பதைத் திருகிக் கழற்றினேன். கண் வைக்கும் ஐபீஸை உருவி எடுத்துத் தலைகீழாகப் பிடித்தால் அருமையான பூதக்கண்ணாடி. அதை வைத்து லென்ஸின் முகத்தைப் பார்த்தேன். காளானும் இல்லை, கூளானும் இல்லை. எண்ணெய்! காய்ந்து படலமாகிப்போன எண்ணெய். அதில் நான் அன்று துடைத்த துணியின் நூல் ஒன்று, சாட்சி சொல்ல ஒட்டிக்கொண்டிருக்கிறது! அந்தத் திங்கட்கிழமை காலை ஆய்வகத்தில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. அவசரமாக ஒரு ஸ்லைடை நூறில் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை பார்ப்போமே என்று நாற்பதுக்குத் திருப்பியிருக்கிறேன். எங்கே நின்று? என் சிவப்புப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து!

லென்ஸ் துடைக்கும் காகிதம், இரண்டு சொட்டு மருந்து, நான்கு நிமிடம். கண் திறந்துவிட்டது. தையல் அக்கா என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன். “பலக நல்லாத்தாம்மா எழுதியிருக்கீங்க” என்றார். இன்று வரை யாரிடமும் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை! செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று, வியாழன் போயிற்று. ஏன் சொல்லவில்லை? ஏழாவது நிகழ்ச்சி இருக்கிறதே! பிழையற்ற பணி! அத்தை ஊரில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. நேற்று வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். “சொல்லிடு” என்றார். “எல்லார் முன்னாடியுமா?” என்றேன். “எழுதுனது எல்லார் முன்னாடியும்தானே?” என்றார். அதற்குத்தான் இப்போது முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறார். அழைப்பிதழை இறக்குங்கள், ஐயா! நீங்கள் சொன்னதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

பெரியோர்களே! தாய்மார்களே! ஆதரவு முடிந்தது என்று எழுதினார்கள். முடிந்ததா? டார்ச்சைப் பிரித்தவர் யார்? மிட்டாய்த்தாளை ஒட்டியவர் யார்? தவறான எண்ணெயை ஊற்றி, தவறென்று சொல்லி, துடைத்து, சரியானதை வைத்தவர் யார்? அந்த ‘எம் புத்தியச் சொல்லணும்’ என்ற ஒரு வார்த்தை இல்லையென்றால், டாக்டர் ஐயா இந்நேரம் ஆறாவது கண்ணாடி வாங்கியிருப்பார்! கம்பெனி இல்லாத இயந்திரத்துக்கு எஞ்சினீயர் வரமாட்டார், உதிரிபாகம் வராது, கைப்பேசி எண் கிடையாது. அதற்கு இருப்பதெல்லாம் நாம் எழுதும் பழுதுக்குறிப்பு ஒன்றுதான். இன்ன நாள், இன்ன கை, இன்ன தவறு என்று எழுதியிருந்தால் அது இன்னும் முப்பது வருடம் ஓடும். அந்தக் குறிப்பில் நான் பார்க்காததைப் பார்த்ததாக எழுதினேன். தெரியாமல் செய்தது திங்கட்கிழமை. தெரிந்தே மறைத்தது மூன்று நாள். பெரியம்மாவைக் கிடங்குக்கு அனுப்ப இருந்தது அவர் வயதல்ல, என் வாய்.

தலைவர் அம்மா அவர்களே! கையெழுத்துக்கு முன்னால் ஒரு வேண்டுகோள். இதோ மூடியை எடுக்கிறேன். நாற்பது லென்ஸ் போட்டிருக்கிறது. எண்ணெய் இல்லை, பயப்படாதீர்கள். ஸ்லைடில் இருப்பது இன்று காலை எடுத்த என் ரத்தம். கொஞ்சம் எழுந்து வந்து, தலைகுனிந்து பார்க்க வேண்டும். ஆமாம் அம்மா, தலைமை மருத்துவரானாலும் குனிந்துதான் ஆக வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள்…

பார்க்கிறார். அமைதி, அமைதி! திருகைத் தானே திருப்புகிறார். ஸ்லைடை நகர்த்துகிறார். என்ன அம்மா? மைக்கில் சொல்லுங்கள், கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்.

“ஒரே எடத்துல நாலு ஈசினோஃபில் இருக்கேம்மா. உங்களுக்குத் தும்மல் தொந்தரவு இருக்கா?”

கேட்டீர்களா! கேட்டீர்களா, பெருமக்களே! ஒவ்வாமை வந்தவர் ரத்தத்தில் கூடும் வெள்ளணு அது. நான் இந்த மேடையில் தும்மியதை நீங்கள் காதால் கேட்டீர்கள். பெரியம்மா கண்ணால் பார்த்துவிட்டார்! அம்மா, போதும், இருக்கைக்கு… நிமிரமாட்டேன் என்கிறார். கல்லூரியில் படித்த காலம் ஞாபகம் வந்துவிட்டதோ என்னவோ, இன்னும் ஸ்லைடை நகர்த்திக்கொண்டே இருக்கிறார். சரி, அவர் பார்க்கட்டும். பேனாவைத் தன் இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார் என்பதை மட்டும் நிர்வாக அலுவலர் கவனிக்க வேண்டும். மூடியோடு இருக்கிறது பேனா!

ஏழாவது நிகழ்ச்சியை அடித்துவிடுங்கள். அத்தை, ஊரில் என்ன சொல்வது என்று யோசிக்காதீர்கள். ‘என் மருமகள் தப்புப் பண்ணினாள், மைக்கில் சொன்னாள்’ என்று சொல்லுங்கள். அத்தை தலையாட்டுகிறார்! கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் எனக்கு ஆட்டிய முதல் தலை அது. அந்தச் சான்றிதழைவிட இது பெரிது.

இந்தச் சிவப்புச் சீட்டு நான் ஒட்டியது, நானே உரிக்கிறேன். பாதிதான் வருகிறது, பசை அப்படி… தையல் அக்கா, உங்கள் நகத்தைக் கொஞ்சம் கொண்டு வாருங்கள். வாருங்கள், வெட்கப்படாதீர்கள். ஆங், வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக என் பலகையில் ஒரு வரி சேர்க்கப் போகிறேன். ‘எண்ணெய் விட்டபின் நாற்பதுக்குத் திரும்பாதே’ என்பது அப்படியே இருக்கும். அதன் கீழே, அதே சிவப்பில்: ‘திரும்பிவிட்டால், அன்றைக்கே சொல்.’

விடைகொடுக்க அழைத்தீர்கள், கொடுக்க மனமில்லாமல் போகிறேன். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பொறுமையிழந்தும் கேட்ட நிர்வாக அலுவலருக்கும், இன்னும் தலைநிமிராத தலைவர் அம்மாவுக்கும் என் நன்றி. பெரியம்மா, திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பார்ப்போம். எல்லோருக்கும் வணக்கம்.